பூசாரியும் வரம் கொடுக்கட்டும்

(கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, ஒரு திறப்பு விழாவை முடித்த கையோடு ஓடி வந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்த பொறியாளர் நண்பரே, இந்தத் தெருவில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்தியவர்களுக்கு நன்றி. கடலூர் வெயிலுக்கு ஒரு துண்டே போதும் என்று போன வருஷமே சொன்னேன்.

அப்பர் பெருமான் கல்லையே தெப்பமாக்கிக் கரையேறிய ஊர் இது. நம் காலத்தில் தெருவில் ஜல்லி கொட்டினால் அது வருஷக் கணக்கில் அசைவதில்லை. உள்ளாட்சி வேலைகள் மூன்று இடத்தில் இழுக்கின்றன: எஸ்டிமேட், டெண்டர், பில். மூன்றையும் சொல்கிறேன்.

டெண்டரைத் திட்டாதவர் கிடையாது. 1998ஆம் வருஷத்து ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை ஒட்டி 2000இல் வந்த விதிகள், 2 கோடி ரூபாய் வரையுள்ள வேலைக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடு, அதற்கு மேல் போனால் 30 நாள் கொடு என்கின்றன. இந்தப் பதினைந்து நாளா நம்மைக் கெடுத்தது? அதைச் சுருக்கினால் வேண்டப்பட்டவர்தான் சீக்கிரம் வருவார்.

‘சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே’ என்பார் என் அப்பா. பணம் ஒதுக்கியாச்சு, நிர்வாக அனுமதி வந்தாச்சு, ஒப்பந்ததாரரும் வந்தாச்சு. வேலை மட்டும் நிற்கும். ஒரு கதை சொல்கிறேன்.

நான் ஓவர்சியராக இருந்த காலம். ஊர்ப் பேர் வேண்டாம். ஒரு தெருவில் வடிகால் கட்டினோம். இந்தப் பக்கமிருந்து பாதி, அந்தப் பக்கமிருந்து பாதி, நடுவில் ஒரு மின்கம்பம். கம்பத்தைச் சுற்றி ஆறடியை விட்டுவிட்டார் ஒப்பந்ததாரர். மழை வந்தது. தண்ணீர் அந்த ஆறடியில் வந்து நின்று தெருவுக்குள் திரும்பிவிட்டது. டீக்கடைக்காரர் பலகை போட்டார். அதுவும் மிதந்தது. ஐப்பசியில் அங்கே ஒரு கல்யாணம். மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அக்கரையில் நிற்கிறார். முகூர்த்தம் நெருங்குகிறது. கடைசியில் தவில்காரர் தவிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நாயனக்காரர் வாசிப்பை நிறுத்தவே இல்லை, முழங்கால் தண்ணீரில் நின்றே ஊதினார்!

பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். “கம்பத்தை மாத்தச் சொல்லி எழுதினீங்களா சார்?” எழுதியாச்சு, அவங்கதான் இழுக்கிறாங்க என்றேன். ஆபீசுக்குப் போய் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். கடிதம் இருந்தது. கையெழுத்து இருந்தது. தேதி போடவில்லை, அனுப்பவும் இல்லை. நாலு மாசம்.

அந்தப் பூசாரி நான்தான்.

அதனால்தான் போகிற மேடையெல்லாம் கூட்டு ஆய்வு, கூட்டு ஆய்வு என்று கத்துகிறேன். எஸ்டிமேட் போடுவதற்கு முன்பே மின்சாரம், குடிநீர், பாதாளச் சாக்கடை, தொலைபேசி எல்லோரும் ஒரே நாளில் தெருவில் நடக்கட்டும். கம்பம் மாற்றும் செலவும் எஸ்டிமேட்டிலேயே ஏறட்டும். கம்பம் நகர்ந்த பிறகு பள்ளம் தோண்டட்டும்.

நம் ஊருக்குக் காலண்டர் வேறு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல், 2015 வெள்ளம், 2024 டிசம்பரில் தென்பெண்ணை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட்டின் பலத்தை 28 நாளில் கணக்குப் பார்ப்பார்கள். ஆகஸ்டுக்குள் கட்டி முடித்தால்தான் மழைக்கு முன் அது தேறும். அப்படியென்றால் சித்திரையிலேயே தெருவில் நடந்தாக வேண்டும். சித்திரையில் நடக்கிறோமா? புது நிதியாண்டு என்று சொல்லி ஃபைலுக்கு அட்டை மாற்றிக்கொண்டிருக்கிறோம். சாமி ஏப்ரலில் வரம் கொடுத்தால் பூசாரி புரட்டாசியில் மணி அடிக்கிறார்.

மூன்றாவது, பில். எம் புக்கில், அதாவது முடிந்த வேலையை அளந்து எழுதும் புத்தகத்தில், அளவு ஏறாமல் ஒப்பந்ததாரர்... தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, பில் அடுத்த கூட்டத்துக்கு.

கூட்டு ஆய்வு கேட்டு எழுதிய மனு வாசல் மேஜையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், இழுக்காதீர்கள். நாளைக் காலையில் நானே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்குகிறேன். தேதி போட்டுவிட்டேன்.