ஹார்ட் டிஸ்க் நம்முடையது, சாவி பாக்ஸிடம்

வணக்கம் நேயர்களே. கேபிள் செட்டாப் பாக்ஸில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது பற்றிப் பேசப் போகிறேன். முதலில் பாக்ஸின் மெனுவில் பதிவு வசதி இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் யூஎஸ்பி துளை இருப்பதாலேயே பதிவாகும் என்று சொல்ல முடியாது, சிலவற்றில் அது சாஃப்ட்வேர் ஏற்றுவதற்கு மட்டும்தான்.

கேபிளில் வரும் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்ட டிஜிட்டல் தகவல். பாக்ஸ் அதை அப்படியே டிஸ்க்கில் இறக்கிவிடுகிறது, அதனால் தரம் குறைவதில்லை. ஒரு எச்டி சேனல் நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி ஆகும், 500 ஜிபி டிஸ்க்கில் சுமார் 139 மணி நேரம் பிடிக்கும். தாராளம்தான். பென் டிரைவ் போதாதா என்றால், எப்போதாவது ஒன்றிரண்டு நிகழ்ச்சிக்குப் போதும். ஆனால் நேரலையை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதியைப் போட்டுவிட்டால் டிவி ஓடும் நேரமெல்லாம் பாக்ஸ் எழுதிக்கொண்டே இருக்கும், மலிவான பென் டிரைவ் அதைத் தாங்காது.

டிஸ்க்கைச் செருகியதும் 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்து, சுற்ற ஆரம்பித்து, மறுபடி நின்றுவிடுகிறதா? டிஸ்க் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சாதாரண யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டிய மின்சாரம் 500 மில்லிஆம்பியர்தான், சுழலத் தொடங்கும் அந்தக் கணத்தில் பல டிஸ்க்குகள் அதைவிட அதிகம் கேட்கும். தனி அடாப்டர் உள்ள டிஸ்க் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், பல பாக்ஸ்கள் டிஸ்க்கை முதலில் ஃபார்மட் செய்துவிடும், அதில் இருந்த குடும்பப் படங்கள் எல்லாம் போய்விடும். வெறும் டிஸ்க்கையே கொடுங்கள்.

இனி எனக்கு மனதை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான கேபிள் பாக்ஸ்கள் பதிவைப் பூட்டுப் போட்டுத்தான் எழுதுகின்றன, சாவி அந்தப் பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. கணினியில் செருகினால் திறக்காது, பக்கத்து அறையில் இருக்கும் அதே மாடல் பாக்ஸிலும் திறக்காது. பாக்ஸ் பழுதாகி வேறு மாற்றிக் கொடுத்தால், நாம் காசு போட்டு வாங்கிய டிஸ்க்கில் நாம் சேர்த்தது அத்தனையும் போச்சு. வீட்டில் பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்வது தவறில்லை என்று 1984-லேயே, பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ கேசட் ரெக்கார்டர் பற்றிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கால கேசட்டை அதே வகை பிளேயர் எங்கிருந்தாலும் போட்டுப் பார்க்கலாம். வசதி கூடியிருக்கிற காலத்தில் இந்த உரிமை சுருங்கியிருப்பதை என்னால் சரி என்று ஏற்க முடியவில்லை.

ஆகவே உங்கள் பிள்ளையோ அம்மாவோ டிவியில் வருகிறார்கள் என்றால் பாக்ஸ் பதிவை மட்டும் நம்பியிருக்காதீர்கள், ஒளிபரப்பான சூட்டோடு சூடாக அந்த சேனலிடம் ஒரு பிரதி கேட்டு வாங்கிவிடுங்கள். பாக்ஸைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் டிஸ்க்கில் பாக்கி இருப்பதைப் பார்த்து முடியுங்கள்.

இரவு டைமர் வைத்துவிட்டு சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள், பாக்ஸ் ஸ்டாண்ட்பையில் இருந்தால்தான் விழித்துப் பதிவு செய்யும். முடியும் நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளியே வையுங்கள், நேரலை நிகழ்ச்சிகள் சொன்ன நேரத்தில் முடிவதே இல்லை. நன்றி, வணக்கம்.