பேரை மாத்துனா ஜேபிஜி ஆயிடுமா? ஹார்லிக்ஸ் பாட்டில் ரகசியம்!

வணக்கம் மக்களே! வெப்பினு (.webp) முடியுற பட ஃபைலை ரீநேம்ல போய் ஜேபிஜினு மாத்திட்டு "கன்வர்ட் பண்ணிட்டேன்"னு சொல்ற ஆளா நீங்க? நானும் அந்த கேஸ்தான். ஒரு பரீட்சை அப்ளிகேஷனுக்கு ஐபோன்ல எடுத்த ஹெச்இஐசி (ஐபோனோட சொந்த போட்டோ வகை) போட்டோவை பேரை மட்டும் மாத்தி ஏத்துறேன், "செல்லாத ஃபைல்"னு சிவப்புல வருது, கடைசி நாள், ராத்திரி பதினொன்றரை மணி!

நம்ம வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டில்ல என்ன இருக்கும்? உளுந்து. ஃபைல் பேருல புள்ளிக்கு அப்புறம் வர்ற எக்ஸ்டென்ஷனும் அவ்ளோதான், வெளிய ஒட்டுன லேபிள். எந்த ஆப்ல திறக்கணும்னு விண்டோஸ் அதைப் பாத்துத்தான் முடிவு பண்ணும், ஆனா உள்ள இருக்குறது அதனால மாறாது. (ஜேபெக், ஜேபிஜி ரெண்டும் ஒண்ணுதான், விண்டோஸுக்கு முன்னாடி இருந்த டாஸ் காலத்துல புள்ளிக்கு அப்புறம் மூணு எழுத்துக்கு மேல இடமில்ல.)

அப்போ நிஜ அடையாளம் எங்க? ஃபைலோட முதல் சில பைட்ல, அதாவது 0 முதல் 255 வரைக்கும் உள்ள நம்பருங்கள்ல. மேஜிக் நம்பர்னு சொல்வாங்க. ஜேபிஜினா 255, 216, 255. ஆனா எனக்குப் புடிச்சது பிஎன்ஜிங்குற இன்னொரு பட வகை! 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவுல 80, 78, 71 இருக்கே, அது பி, என், ஜி எழுத்துங்க, ஒரு பிஎன்ஜியை நோட்பேட்ல திறந்து பாருங்க, குப்பைக்கு நடுவுல முதல் வரியிலயே தெரியும். மத்ததெல்லாம் ஃபைல் போற வழியில கெட்டுப்போனா கண்டுபுடிக்க பொறி வச்ச மாதிரி. அந்தக் காலத்துல சில லைன்ல பைட்டோட எட்டு பிட்டுல (0, 1 புள்ளிங்க) ஏழுதான் போகும், அப்படிப் போனா 137 வெறும் 9 ஆயிடும், மாட்டிக்கிச்சு! 13, 10 விண்டோஸோட வரி முடிவு, எவனாவது டெக்ஸ்ட்னு நெனச்சு அனுப்பி அது வெறும் 10ஆ மாறிட்டா அதுவும் மாட்டும். கடைசி 10 எதுக்குனா, இதே மாத்தம் தலைகீழா நடந்து 10 வந்து 13, 10 ஆயிட்டா புடிக்க. 26 இன்னும் செம, டாஸ்ல ஃபைலை ஸ்க்ரீன்ல எழுத்தா காட்டுற டைப் கமாண்ட் போட்டு படத்தை திறந்தா அதோட நின்னுடும், ஸ்க்ரீன் முழுக்க குப்பை கொட்டாது. எட்டே பைட்ல இவ்ளோ யோசிச்சிருக்கான் மனுஷன்!

"ப்ரோ, நான் பேரை மாத்துனது திறக்குதே"னு கமெண்ட் போடாதீங்க. பல வியூவர் லேபிளை நம்பாம பாட்டிலைத் திறந்து பாக்கும், அதான். அப்ளிகேஷன் சைட்டும் உள்ள பாத்துட்டுத்தான் துப்புது.

வெப்பியா இருந்தா பெயின்ட்ல திறந்து சேவ் ஆஸ் போய் ஜேபெக் குடுங்க. ஐபோன்காரங்க செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ்ல "மோஸ்ட் கம்பேட்டிபிள்" போட்டுட்டு அந்த போட்டோவை திரும்ப எடுங்க. நான் அப்படித்தான் 11:52க்கு ஏத்துனேன், தலைகூட சீவல.