‘செம ஷோ’ சரி, எங்கே நின்று கேட்டீர்கள்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஸ்பீக்கருக்கு ஒட்டியே நாற்காலி கிடைத்துவிட்டதால் என் பேச்சைவிட என் மூச்சை அதிகமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் முன்வரிசைப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நேரடி இசை நிகழ்ச்சி பார்த்து வந்த ரசிகர் மற்ற ரசிகர்களிடம் பகிர வேண்டியது உணர்வா, விவரமா? இதுதான் தலைப்பு. விவரமே என்று வழக்காட வந்திருக்கிறோம்.

எதிரணியில் முதலில் பேசிய அம்மா, ‘கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்’ என்று தொடங்கினார்கள். அனுபவித்தவர் பேச மாட்டார், பேசுகிறவர் அனுபவிக்கவில்லையாம். அப்படியானால் அவர்கள் அதன்பிறகு இருபது நிமிடம் பேசியது எந்தக் கணக்கில் சேரும் என்பதை நடுவரே தீர்ப்பில் சொல்லட்டும்.

உணர்வு வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. எங்கே நின்றீர்கள், எதைக் கேட்டீர்கள் என்பது இல்லாத உணர்வை வைத்துக்கொண்டு கேட்பவர் ஒன்றும் செய்ய முடியாது என்கிறோம். ஓர் உதாரணம். ஒரே நிகழ்ச்சிக்குப் போன இரண்டு பேர். ஒருவர், ‘பேஸ் நெஞ்சைப் பிளந்தது, குரலே மூழ்கிவிட்டது’ என்கிறார். மற்றவர், ‘பேஸே இல்லை, தகரடப்பா மாதிரி இருந்தது’ என்கிறார். யார் பொய் சொல்கிறார்? இருவருமே இல்லை.

திறந்தவெளி மேடை. இடப்பக்கம், பேஸ் என்னும் கீழ் ஒலியைத் தரும் சப்வூஃபர் ஸ்பீக்கர்களின் ஓர் அடுக்கு, வலப்பக்கம் ஒன்று, நடுவே 12 மீட்டர் இடைவெளி. மேடையிலிருந்து 20 மீட்டர் தள்ளி நட்டநடுவில் நிற்பவருக்கு இரண்டு அடுக்கும் சம தூரம். இரண்டு பக்க அலையும் ஒன்றாகவே வந்து சேரும், பேஸ் பெருகும். அவர் பக்கவாட்டில் 5 மீட்டர் நகரட்டும். ஓர் அடுக்கு ஏறக்குறைய 20 மீட்டரில் இருக்கும், மற்றது கிட்டத்தட்ட 22.8 மீட்டருக்குப் போய்விடும். வித்தியாசம் 2.8 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்று வைத்தால் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை அதிரும் பேஸ் அலையின் நீளம் 5.7 மீட்டர், அதில் பாதி 2.86. ஒரு பக்கத்து அலை மேலே போகும்போது மற்றது கீழே வருகிறது. காலால் அடிக்கும் கிக் டிரம்மின் ஒலியில் நம் வயிற்றில் குத்தும் பகுதி அந்த இடத்தில் கரைந்துவிடும். பத்து எட்டு வைத்து நடந்தால் வேறொரு கச்சேரி! இதில் இன்னொரு வேடிக்கை, ஒலி அளவுகளைச் சரிசெய்யும் மிக்ஸர் மேசை பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும். அங்கே பேஸ் அதிகமாகத் தெரிகிறதே என்று சவுண்ட் இன்ஜினியர் குறைத்தால், பக்கத்தில் நிற்பவருக்கு இருந்ததும் போச்சு. சப்வூஃபர்களை மேடைக்கு முன்னால் ஒரே வரிசையாக வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

ஆகவே ‘பேஸ் இல்லை’ என்பது பாதி வாக்கியம். ‘நடுவிலிருந்து இடப்பக்கம் தள்ளி, மேடையிலிருந்து 20 மீட்டரில் பேஸ் இல்லை, நடுவுக்கு நகர்ந்ததும் வந்தது’ என்பதுதான் முழு வாக்கியம். அடுத்த நாள் அதே மேடைக்குப் போகிறவருக்கு எது பயன்படும்?

‘டிரம்மர் தாளம் தப்பினார்’ என்று கூசாமல் சொல்கிறவர்கள் உண்டு. 100 மீட்டர் பின்னால், திரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். மேடையிலிருந்து ஒலி அங்கே வந்து சேர ஏறக்குறைய 0.29 நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைவெளி அரை நொடிதான். குச்சி இறங்குவது கண்ணில் பட்டு, பாதி அடிக்கு மேல் கடந்த பிறகுதான் சத்தம் காதில் விழுகிறது. டிரம்மர் என்ன பாவம் செய்தார்? இதைச் சமாளிக்கத்தான் பெரிய மைதானங்களில் நடுவே ஸ்பீக்கர் கோபுரம் நட்டு, மேடைச் சத்தம் வந்து சேரும் நேரத்துக்கு அதைத் தாமதப்படுத்துவார்கள். அந்தக் கணக்கு பிசகினால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும். ‘இரண்டு அடியாகக் கேட்டது, கோபுரத்துக்குப் பின்னால் நின்றேன்’ என்று சொல்லிவிட்டால் பழி போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழமொழி அவளைத்தான் கிண்டல் செய்கிறது. ஆனால், நடுவர் அவர்களே, ஒலி விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கும்! மின்கருவி இல்லாத பெரிய இசைக்குழுவுக்குக் கட்டிய அரங்கில், சத்தம் அடங்க சுமார் 2 நொடி ஆகும். வயலின்களுக்கு அது அழகு. அதே அரங்கில் 120 வேகத்தில் டிரம் அடித்தால், ஓர் அடியின் முழக்கம் ஓய்வதற்குள் அடுத்த நான்கு அடி வந்துவிடும். எல்லாம் குழம்பாகும். ஒலிபெருக்கி வைத்த இசைக்கு 1 நொடியோ அதற்குக் கீழோ இருப்பது நல்லது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் 1871இல் திறந்தது. குவிமாடத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலி நீண்ட நாள் தொல்லை கொடுத்து, 1969இல்தான் கூரையிலிருந்து காளான் வடிவக் கண்ணாடியிழைத் தட்டுகளைத் தொங்கவிட்டு அதைத் தணித்தார்கள். அதற்கு முந்தைய கச்சேரி ஒன்றைப் பற்றி ‘பாடகர் உச்சரிப்பு தெளிவில்லை’ என்று யாராவது எழுதி வைத்திருந்தால் குற்றவாளி பாடகரா, கூரையா?

எத்தனையாவது பாட்டு என்பதும் விவரம்தான். மாலையில் சவுண்ட் செக் நடக்கும்போது அரங்கு காலி. இரவில் ஆயிரக்கணக்கான உடல்களும் உடைகளும் நிறைந்து உயர் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். மாலையில் வைத்த அளவு இரவில் பொருந்தாது. திருத்த இரண்டு மூன்று பாட்டு பிடிக்கும். ‘முதல் இரண்டு பாட்டில் குரல் மங்கல், மூன்றாவதிலிருந்து சரி’ என்ற ஒரு வரி, ‘சவுண்ட் கேவலம்’ என்ற தீர்ப்பைவிட நேர்மையானது.

அடுத்து வந்த தம்பி ஒரு பெரிய உதாரணத்தைத் தூக்கி வீசினார். 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷியா ஸ்டேடியம், பிரிட்டிஷ் இசைக்குழு பீட்டில்ஸ். 55,000க்கும் மேற்பட்டோர் பாட்டே காதில் விழாமல் கதறினார்கள், அங்கே ஏது விவரம், உணர்வுதானே வரலாறு என்றார். தம்பி, அவர்களுக்கு ஏன் காதில் விழவில்லை என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? மேடையில் 100 வாட் வாக்ஸ் ஆம்ப்ளிஃபையர்கள், ஆட்ட அறிவிப்புக்கு வைத்த ஸ்டேடியம் ஸ்பீக்கர்கள், பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரலைத் திருப்பிக் கேட்க மானிட்டர் கிடையாது. இதையெல்லாம் யாரோ குறித்து வைத்ததால்தான் தெரியும். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 29இல் சான் பிரான்சிஸ்கோவில் வாசித்துவிட்டு அவர்கள் கச்சேரிப் பயணத்தையே நிறுத்தியது ஏன் என்று புரிவதற்கும் அந்த விவரம் வேண்டும்.

விவரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஆண்டில் சாட்சி இருக்கிறது. 1965 ஜூலை 25, அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. அதுவரை நாட்டுப்புறப் பாடகராகப் பேர் பெற்றிருந்த பாப் டிலன் எலக்ட்ரிக் கிட்டாரோடு ஏறினார், கூட்டத்தில் கூச்சல். எதற்காகக் கூச்சல்? மின்கிட்டாரைக் கண்ட கோபம் என்கிறார்கள் சிலர். குரல் கேட்காத அளவுக்கு ஒலி கெட்டிருந்தது என்கிறார்கள் சிலர். மூன்றே பாட்டில் இறங்கிவிட்டாரே என்ற ஏமாற்றம் என்கிறார்கள் இன்னும் சிலர். அறுபது ஆண்டாகியும் வழக்கு முடியவில்லை! ‘கொதித்துப் போனேன்’ என்று சொல்லப் பலர் இருந்தார்கள். ‘இத்தனையாவது வரிசையில் இருந்தேன், கிட்டார் கேட்டது, குரல் கேட்கவில்லை’ என்று அன்றிரவே நான்கு திசையிலிருந்து நாலு பேர் குறித்திருந்தால் இந்த வழக்கு எப்போதோ தீர்ந்திருக்கும். அடுத்த ஆண்டு மே 17, மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் ஒரு ரசிகர் டிலனைப் பார்த்து ‘யூதாஸ்!’, அதாவது துரோகி, என்று கத்தினார். அந்த ஒலிப்பதிவு திருட்டுத்தனமாகக் கைமாறியபோது மேலே ஒட்டியிருந்த பெயர் என்ன தெரியுமா? ராயல் ஆல்பர்ட் ஹால்! ஊரே தப்பு. 1998இல் முறைப்படி வெளியிட்டபோதுகூட அந்தத் தப்பான பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத்தான் வெளியிட வேண்டியிருந்தது, அந்த அளவுக்கு ஊறிவிட்டது.

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் ரசிகர்களைப் பாருங்கள். 1984 அக்டோபரிலிருந்து கச்சேரியைப் பதிவு செய்பவர்களுக்கென்று அந்தக் குழுவே தனி இடம் ஒதுக்கியது. நாள், அரங்கு, எந்த மைக், மிக்ஸர் மேசைக்கு முன்னாலா பின்னாலா, எத்தனையாவது நகல் என்பது வரை எழுதிப் பரிமாறிக்கொண்டார்கள். உணர்வு இல்லாதவர்களா அவர்கள்? ஊர் ஊராகப் பின்னாலேயே சுற்றியவர்கள் ஐயா!

‘இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, வீடியோவைப் பார்த்தால் போதாதா’ என்றார் தம்பி. போதாது. சத்தம் ஏறினால் போன் தானாக அளவைக் குறைக்கும், இறங்கினால் தானாகக் கூட்டும். அமைதியான பாட்டும் ஆர்ப்பாட்டமான பாட்டும் அதில் ஒரே உயரம். 60 ஹெர்ட்ஸைப் போன் ஸ்பீக்கர் உங்களுக்குத் திருப்பித் தரவே தராது. போனுக்கு அருகில் இருப்பது பாடகர் அல்ல, பக்கத்தில் சுருதி சேராமல் கூடவே பாடும் நண்பர். அந்த வீடியோவை வைத்துப் பாடகருக்குத் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

பாடகருக்கு எப்படித்தான் தீர்ப்பு எழுதுவது? மைக்கைக் கவனியுங்கள். உதட்டோடு ஒட்டினால் குரலில் கனம் கூடும். 3 சென்டிமீட்டரிலிருந்து 6க்கு விலக்கினால் அளவு சுமார் 6 டெசிபல் இறங்கும், கனமும் குறையும். மைக் இடுப்புக்குப் போன பிறகும் முதன்மைக் குரல் அதே கனத்தில் ஓடிக்கொண்டிருந்தால் ஓடுவது பதிவு. ஆனால் அவசரப்படாதீர்கள். கன்னத்தோடு ஒட்டிய ஹெட்செட் மைக்குக்கு இந்தச் சோதனை செல்லாது. பின்குரல் மட்டும் பதிவில் ஓடுவது வேறு கதை, அதை ‘முழுக்கப் பொய்’ என்று எழுதக் கூடாது. நடுவில் ஸ்பீக்கர் ‘ஊய்’ என்று அலறினால் சவுண்ட்காரரைத் திட்டுமுன் பாடகரின் கையையும் பாருங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் பின்பக்கச் சத்தத்தைத் தள்ளும் துளைகள் அடைபட்டு, எல்லாத் திசையிலிருந்தும் வாங்க ஆரம்பிக்கும். அலறல் அங்கிருந்தே வரலாம். பழைய பாட்டை அரைக் கட்டை இறக்கிப் பாடினார்களா? அதையும் சொல்லுங்கள். வயதான குரலுக்கு அது குறையல்ல. அதே பாட்டை அசல் சுருதியில் எதிர்பார்த்துப் போகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

‘காது கிழிந்தது’ என்பதும் அப்படித்தான். நியோஷ் என்ற அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரை, 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022இல் அரங்குகளுக்கு வைத்த உச்ச வரம்பும் 15 நிமிடச் சராசரியில் 100தான். போன் ஆப் காட்டும் எண் துல்லியமில்லை, ‘போனில் சுமார் 102’ என்று அப்படியே சொல்லலாம். காதடைப்பான் போட்டிருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். சாதாரணப் பஞ்சு அடைப்பான் கீழ் ஒலியைவிட மேல் ஒலியை அதிகம் வெட்டும். அதைப் போட்டுக்கொண்டு ‘சிம்பல் மங்கல்’ என்று குறை சொல்வது குளிர்க்கண்ணாடி மாட்டிக்கொண்டு வெளிச்சம் போதவில்லை என்பது மாதிரி.

‘குறிப்பெடுக்கிறவன் பாட்டைக் கேட்பதில்லை’ என்றார்கள் அம்மா. யார் குறிப்பெடுக்கச் சொன்னது? பாட்டுக்கு ஒரே சொல், இரண்டு பாட்டுக்கு நடுவே, அவ்வளவுதான். மிச்சத்தை வீடு திரும்பியதும் எழுதுங்கள். தள்ளிப்போடக் கூடாது. மனம் உச்சத்தையும் முடிவையும் மட்டும் பிடித்துக்கொண்டு நடுவை விட்டுவிடும் என்பது உளவியலில் பேர் பெற்ற கண்டுபிடிப்பு. கடைசிப் பாட்டு நன்றாக அமைந்தால் இடையில் சொதப்பிய நாற்பது நிமிடமும் மறந்துவிடும். ‘எப்படி இருந்தது’ என்று கேட்டவர் டிக்கெட் வாங்கப் போவதோ அந்த நாற்பது நிமிடத்துக்கும் சேர்த்து.

மணி அடித்துவிட்டீர்கள். இதோ முடிக்கிறேன். எங்கள் அணி கேட்கும் பகிர்வு இவ்வளவுதான்: ‘மேடையிலிருந்து 25 மீட்டர், நடுவிலிருந்து வலப்பக்கம், அடைப்பான் போட்டிருந்தேன். அறிவித்த நேரத்துக்கு 50 நிமிடம் தாமதம். 19 பாட்டு. முதல் இரண்டில் குரல் புதைந்தது. பதினோராவதில் மின்கருவி எல்லாம் நிறுத்தி ஒரே கிட்டாரோடு பாடினார், மைக்கை ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் கடைசி வரை கேட்டது. அங்கே அழுதுவிட்டேன்.’ அந்தக் கடைசி வாக்கியத்தை யார் நம்ப மாட்டார்கள்?

அடுத்துப் பேச எதிரணியிலிருந்து ஒருவர் எழுந்து வருகிறார். அவர் முடித்ததும், எப்படிப் பேசினார் என்று அரங்கில் இருவரிடம் கேளுங்கள். ஒருவர் ‘பிரமாதம்’ என்பார், இன்னொருவர் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்பார். அடுத்த நொடி நடுவர் அவர்களே, நீங்களே கேட்பீர்கள், எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று. நன்றி, வணக்கம்.