பைக்குள் ஒரு ஸ்டுடியோ

நேயர்களுக்கு வணக்கம். 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையை உள்ளங்கையில் தூக்கி வைத்திருப்பது போல நிற்கச் சொல்லிப் படம் எடுப்பார்களே, கன்னியாகுமரிக் கடற்கரையில்? நாகர்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நானும் அப்படி ஆயிரம் படங்கள் எடுத்திருப்பேன். அப்போது படம் கையில் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். இப்போது செல்போன் படத்தைப் புளூடூத்தில் வாங்கி, நின்ற இடத்திலேயே அச்சிட்டுத் தரும் பிரிண்டர் சட்டைப்பை அளவுக்கு வந்துவிட்டது.

இதில் எனக்கு வியப்பு தருவது 'ஜிங்க்' தாள். பிரிண்டரில் மை கிடையாது, நிறமெல்லாம் தாளுக்குள்ளேயே. மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சியான் (பச்சை கலந்த நீலம்) மூன்றும் நிறமற்ற படிகங்களாக அடுக்கடுக்காக இருக்கும். கடும் சூடு நொடிப்பொழுது பட்டால் மேலடுக்கு மஞ்சளாகும்; குறைந்த சூடு சற்று நேரம் நின்றால் அடியிலுள்ள சியான் தெரியும்; நடுவிலுள்ளது மெஜந்தா. தோசைக்கல்லில் தீயைக் கூட்டிக் குறைக்கும் வித்தைதான். பாக்கெட்டோடு வரும் நீலத் தாளை வீண் என்று பலர் எறிந்துவிடுகிறார்கள். நிறத்தைச் சரிசெய்வது அதுதான். முதலில் அது உள்ளே போக வேண்டும்.

ஃபியூஜிஃபில்மின் இன்ஸ்டாக்ஸ் வகைப் பிரிண்டரில் போடுவது உண்மையான பிலிம். ஒளி பட்டு, ரசாயனம் பரவி, கண் முன்னே படம் மெல்லத் தெளியும். கேனனின் 'செல்ஃபி' (Selphy) போன்ற பிரிண்டர்கள் நிறம் பூசிய ரிப்பனிலிருந்து ஒவ்வொரு நிறமாக ஏற்றி, கடைசியில் ஒரு காப்புப் பூச்சும் போடும். ஆல்பத்தில் வைக்க என் ஓட்டு அதற்குத்தான். மலிவாகக் கிடைக்கும் கறுப்பு வெள்ளைக் குட்டி பிரிண்டரை நினைவுப் படத்துக்கு நம்ப வேண்டாம். பஸ் டிக்கெட் நாளாக நாளாக வெளிறுகிறதே, அதே தாள்தான்.

வாங்குவதற்கு முன் தாளின் விலையைக் கேளுங்கள். பிரிண்டர் ஒரு தடவைச் செலவு, தாள் அப்படியல்ல. அப்புறம் நம்மூர் உப்புக் காற்று, மணல். தாள் பாக்கெட்டைக் கடற்கரையில் திறந்துபோடாதீர்கள், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்காதீர்கள்.

போன மாதம் தக்கலையில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். குவைத்திலிருந்து மகன் அனுப்பும் பேரனின் படமெல்லாம் போனுக்குள் இருக்கிறது. பாட்டிக்கு அதைத் திறக்கத் தெரியாது. ஒன்றை அச்சிட்டு, பின்பக்கத்துத் தாளை உரித்து, வெற்றிலைச் செல்லத்தின் மூடிக்கு உள்ளே ஒட்டிக் கொடுத்தேன். போனைப் படுக்கவைத்து எடுத்த படம் அது. போன் படம் நாலுக்கு மூன்று, தாளோ மூன்றுக்கு இரண்டு. மேலும் கீழும் வெட்டுப்படும் என்பதை நான் கவனிக்கவில்லை.

பாட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "பிள்ளைக்க காலு எங்க மக்களே?"