விண்ட்ஷீல்டை வீட்டிலேயே வெட்டிக் குறைக்கலாமா?

அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, பைக்கில் உயரமான விண்ட்ஷீல்டு மாட்டியிருக்கிறேன். மேல்விளிம்பு சரியாக என் கண்ணுக்கு நேரே வருகிறது. வீட்டிலேயே 5 சென்டிமீட்டர் வெட்டிவிடலாமா? எதை வைத்து வெட்டுவது? விரிசல் விடுமா?"

வெட்டலாம். அறுக்கிற வேலை ஒன்றும் பெரிதில்லை, பொறுமை இருந்தால் போதும். ஆனால் அந்த 5 சென்டிமீட்டர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது, அதைச் சொல்லுங்கள். நானும் ஒருமுறை இப்படித்தான் குத்துமதிப்பாக 8 சென்டிமீட்டர் குறித்து ஒரே மூச்சில் அறுத்தேன். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. வேகம் எடுத்ததும் காற்று நேராக ஹெல்மெட்டில் வந்து மோதி, தலை தஞ்சாவூர் பொம்மை மாதிரி ஆட ஆரம்பித்துவிட்டது. வெட்டின துண்டை ஒட்டவா முடியும்? புதிதுதான் வாங்கினேன்.

விஷயம் இதுதான். விளிம்பைத் தாண்டும் காற்று நேராகப் பின்னால் வருவதில்லை, கொஞ்சம் மேலே எழும்பித்தான் வரும். அதனால் விளிம்பு மூக்கு உயரத்தில் இருந்தாலே பல பைக்குகளில் காற்று ஹெல்மெட்டுக்கு மேலே போய்விடும், உங்கள் பார்வையும் விளிம்புக்கு மேலே இருக்கும். அதற்கும் கீழே இறக்கினால், விளிம்புக்குப் பின்னால் சுழன்று வரும் காற்று முகத்தில் அடிக்கலாம். பைக்கின் அமைப்பு, உங்கள் உயரம் எல்லாவற்றையும் பொறுத்து இது மாறும். ஆகவே வெட்டாமலே சோதித்துப் பாருங்கள். விண்ட்ஷீல்டை 5 சென்டிமீட்டர் இறக்குவதும், நீங்கள் 5 சென்டிமீட்டர் உயர்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இல்லையா? சீட்டில் ஒரு கெட்டியான போர்வையை மடித்துப் போட்டு, நழுவாமல் கட்டி, ஒரு சுற்று போய் வாருங்கள். உட்கார்ந்து அமுங்கிய பிறகும் 5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கால் தரையில் சரியாக எட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தலை ஆடாமல் நன்றாக இருந்தால் அதுதான் உங்கள் அளவு. இல்லையென்றால் போர்வையின் ஒரு மடிப்பைக் குறைத்துப் பாருங்கள்.

அப்புறம், மாட்டியிருக்கும் பிராக்கெட்டைப் பாருங்கள். சிலவற்றில் கீழே இறக்கவோ பின்னால் சாய்க்கவோ வழி இருக்கும். அதிலேயே தீர்ந்தால் ரம்பத்தைத் தொட வேண்டாம்.

சரி, வெட்டத்தான் வேண்டும் என்றால், அது அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டா, இந்த இரண்டு பிளாஸ்டிக்கில் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். விரிசல் விடுமா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது. அக்ரிலிக் என்பது கண்ணாடி மாதிரி, அதிர்ந்தால் விரிசல் ஓடிவிடும். பாலிகார்பனேட் அவ்வளவு லேசில் உடையாது. ஆனால் இரண்டுமே சூட்டில் உருகும். வேகமாக அறுத்தால் பிளேடுக்குப் பின்னாலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

கழற்றி எடுத்து இரண்டு பக்கமும் அகலமாக மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள். கோடு போடக் காகித அச்சு செய்துகொள்ளுங்கள். பழைய மேல்விளிம்பின் வளைவை அப்படியே காகிதத்தில் எடுத்து, நடுவில் மடித்து இரண்டு பக்கமும் ஒன்றாக வெட்டினால் இடமும் வலமும் சமமாக வரும். அதைக் கீழே இறக்கி வைத்து வரையுங்கள். கீழே போகப் போக விண்ட்ஷீல்டு அகலமாக இருக்கும், அதனால் ஓரங்களில் மட்டும் கையால் வளைத்து இணைக்க வேண்டியிருக்கும். கூர்மையான மூலை வேண்டாம், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

நுண்ணிய பல் பிளேடு போட்ட ஜிக்சா (கையில் பிடித்து அறுக்கும் மின் ரம்பம்) இருந்தால் நல்லது. குறைந்த வேகத்தில் வையுங்கள். அதன் அடித்தகட்டிலும் டேப் ஒட்டிவிடுங்கள், கீறல் விழாது. ஜிக்சா இல்லையென்றால் ஹேக்சா பிளேடு போதும், நேரம்தான் பிடிக்கும். கோட்டுக்குப் பக்கத்திலேயே துணி வைத்துக் கிளாம்ப் போடுங்கள், விண்ட்ஷீல்டு படபடவென்று அடிக்கக் கூடாது. வெட்டி முடியும் கடைசி நேரத்தில் துண்டு தன் பாரத்தில் தொங்கி முறியும், யாராவது பிடித்துக்கொள்ளட்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மாஸ்க்கும் போடாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். 5 சென்டிமீட்டரையும் ஒரேயடியாக எடுக்க வேண்டாம். முதலில் 3 எடுத்து, மாட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்யுங்கள்.

வெட்டின விளிம்பை 120 எண் உப்புத்தாளில் தொடங்கி 220, 400 என்று போய், கடைசியில் 800 வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் வழவழப்பாகிவிடும். அதன் இரண்டு ஓரத்தையும் கூர் இல்லாமல் உருட்டி விடுங்கள். விபத்தில் உங்கள் கழுத்துக்கு நேரே வரப்போவது அந்த விளிம்புதான். தீ காட்டிப் பளபளப்பாக்குகிற வீடியோக்கள் வருகின்றன. அது அக்ரிலிக்குக்கான வேலை, அதிலும் பழகிய கை வேண்டும். பாலிகார்பனேட்டில் செய்தால் கொப்பளித்துவிடும்.

தூசியைத் துடைக்கச் சோப்புத் தண்ணீர் மட்டும். பெட்ரோல், தின்னர் பட்டால் மெல்லிய வெடிப்புகள் வரும். திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷரை மறக்காமல் போடுங்கள். ஸ்க்ரூ கழன்றுவிடுமோ என்று திரெட்லாக்கர் என்ற பசையை விடுகிறார்கள், அதுவும் பிளாஸ்டிக்கை அரிக்கும், அதனால் வேண்டாம். கையால் இறுகும் வரை இறுக்கி, மேலே கால் சுற்று கொடுத்தால் போதும்.