பழைய பிஸ்டன் எங்க, கண்ணு?

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கமுங்க. நான் கணபதியில போரிங் பட்டறை வெச்சிருக்கறேன். போரிங்னதும் தோட்டத்துல ஆயிரம் அடிக்குக் குழி போடறவன்னு நெனச்சுக்காதீங்க. நம்ம போரிங், தேஞ்சுபோன மோட்டார் சைக்கிள் சிலிண்டரை உள்ளுக்குள்ள கடைஞ்சு பெருசாக்கறது, ஒரு தடவைக்குக் கால் மில்லிமீட்டர்.

போன மாசம் காங்கயம் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான். சாக்குப்பையில பழைய புல்லட் சிலிண்டர், கையில புதுப் பிஸ்டன் டப்பா. "அண்ணா, இது எங்க அப்பாரு வண்டிங்க. சாளையில நாலு வருசமா சும்மா நின்னுச்சு. ஸ்டார்ட் பண்ணுனா வாசல் பூரா பொகை. பிஸ்டன் வாங்கியாந்துட்டேன், போர் பண்ணிக் குடுங்க"ன்னான்.

டப்பா மேல 0.50ன்னு போட்டிருந்துச்சு, அதாவது கம்பெனி அளவை விட அரை மில்லி பெரிய பிஸ்டன். "பழைய பிஸ்டன் எங்க, கண்ணு?"ன்னேன். வீட்டுலயே போட்டுட்டு வந்துட்டானாம். போன் பண்ணி, பிஸ்டன் மண்டையில இருக்கற கரியைச் சுரண்டிப் பாக்கச் சொல்லுன்னேன். அவங்கம்மா சுரண்டிப் பாத்துட்டு, "அம்பதுன்னு இருக்குது சாமி"ன்னாங்க. ஏற்கெனவே யாரோ 0.50க்கு போர் பண்ணி ஓட்டித் தேஞ்ச சிலிண்டர் அது. இவன் வாங்கியாந்ததும் அதே 0.50. கடைக்காரர் மாத்திக் குடுத்தாரு, நல்ல காலம்.

கணக்கு இதுதானுங்க. பழைய 350 புல்லட்டுக்குக் கம்பெனி போர், அதாவது சிலிண்டரோட உள் விட்டம், 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கற தூரம் 90. அந்த வட்டத்தோட பரப்பைத் தூரத்தால பெருக்கிப் பாத்தா 346 சிசி. தேஞ்சா 0.25, 0.50ன்னு கால் கால் மில்லியா பெருசாக்கிக்கிட்டே போறோம். ஒரு தடவை கடைஞ்சு எடுத்த இரும்பு திரும்ப வராது. அதனால அளக்காம மிஷின்ல ஏத்தறதில்லை.

அவன் சிலிண்டர்ல, உள் விட்டம் அளக்கற போர் கேஜை விட்டேன். பிஸ்டன் வந்து உரசாத அடிப்பக்கம் 70.51. மேல, பிஸ்டனைச் சுத்தி மாட்டற ரிங் திரும்பற எடத்துல 70.66. ஏன் மேல மட்டும் இவ்வளவு தேயுதுன்னா, உச்சிக்கு வந்ததும் பிஸ்டன் ஒரு கணம் நின்னுதான் கீழ திரும்புது. ஓடற வரைக்கும் ஆயில் நடுவுல படலமா நின்னு காப்பாத்தும். நின்னா அந்தப் படலம் அறுந்துபோயிரும். நெருப்பும் அழுத்தமும் அதிகமா இருக்கறதும் அதே எடம். கொஞ்சம் கீழ நகத்தை வெச்சு மேல இழுத்தா விளிம்பு ஒண்ணு தட்டும். அது தட்டுச்சுன்னா வெறும் ரிங் மட்டும் மாத்தறது காசைக் கரைக்கற வேலை. குறுக்கயும் நெடுக்கயும் அளந்தா வட்டமும் போயிருக்கும். பிஸ்டன் வண்டியோட முன்பக்கமும் பின்பக்கமும்தான் சாஞ்சு உதைக்குது. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோட கோக்கற தண்டு, அதான் பிஸ்டன் பின், அது இருக்கற பக்கம் உதைக்கறதில்லை.

0.75 பிஸ்டன் வந்ததும் அதை அளந்துதான் போர் பண்ணுனேன், டப்பாவில இருக்கற நம்பரைப் பாத்தில்லை. பிஸ்டன் உருண்டையா இருக்கறதா நாம நெனைக்கறோம். இல்லீங்க, லேசா முட்டை வடிவம், மேல ஒல்லி. பாவாடைன்னு சொல்ற கீழ்ப்பகுதியில, பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கா மைக்ரோமீட்டர் வெச்சாத்தான் சரியான அளவு. அதுக்கு மேல பிஸ்டன் கம்பெனி சொன்ன இடைவெளியைக் கூட்டிக்கணும். பிஸ்டன் கைக்கு வராம நான் போர் பண்றதில்லை. இதனாலயே என்னை முசுடுன்னு சொல்றவங்க உண்டு.

பொகைக்கு வர்றேன். வண்டி மேடு ஏறும்போது நீலமா விடாம வந்தா ரிங்கும் சிலிண்டரும். இறக்கத்துல ஆக்சிலேட்டரை விட்டுட்டு வந்து, திரும்ப முறுக்கும்போது குப்புன்னு வந்தா வால்வு கைடு, வால்வு ஏறி இறங்கற குழாய். நாள்கணக்கா நின்ன பழைய புல்லட், எடுத்ததும் பொகைஞ்சு கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சுன்னா அதுக்கு வைத்தியமே வேண்டாமுங்க. ஆயில் டேங்க்ல இருக்கற ஆயில், பம்ப் வழியா கசிஞ்சு இன்ஜினோட அடியில இருக்கற கிராங்க் அறைக்குள்ள எறங்கியிருக்கும். ஓட்டுனா பம்பே திருப்பி ஏத்திரும். இவன் அதைப் பாக்காமத்தான் கழட்டிருக்கான். ஆனா தேய்மானமும் இருந்ததால கழட்டினது வீணாகலை.

அவனே கழட்டினதுக்கு நான் வையலீங்க. நம்ம ஜி.டி.நாயுடு ஐயா, வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தர் வெச்சிருந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் மேல ஆசைப்பட்டு, ஓட்டல் வேலை பாத்துக் காசு சேர்த்து அதையே வாங்கி, பிரிச்சு மாட்டிப் பழகினவரு. 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டதெல்லாம் அதுக்கப்புறம்.

சிலிண்டருக்கு மேல வால்வோட இருக்கற மூடிதான் ஹெட்டு, அந்த வேலை சுருக்கமா. வால்வைப் பேஸ்ட் வெச்சுத் தேய்ச்சா, சுத்தியும் அறாத சாம்பல் வளையம் விழணும். காத்தும் பொகையும் போற வழியான போர்ட்டோட வாய் மேல பாக்கற மாதிரி வெச்சு, அதுல பெட்ரோல் ஊத்திப் பாருங்க. வால்வோரம் ஈரம் கசியக் கூடாது. அதுக்காக நாள் பூரா தேய்ச்சுக்கிட்டே இருந்தா வால்வு சீட்டுக்குள்ள எறங்கிப்போகும்.

போர் பண்ணி, கல்லு வெச்சுத் தேய்க்கற ஹோனிங்கும் முடிஞ்ச சிலிண்டரைப் பெட்ரோல்ல அலசிட்டு மாட்டறவங்கதான் நெறையப் பேரு. பத்தாதுங்க. கோடு கோடா இருக்கற கீறலுக்குள்ள கல்லுத்தூள் ஒட்டிக்கிட்டிருக்கும். சுடுதண்ணியும் சோப்பும் போட்டு பிரஷ்ல தேய்க்கணும். வெள்ளை வேட்டித் துணியில தொடச்சா துணி வெள்ளையாவே வரணும். ஒடனே ஆயில் தடவிருங்க. பச்சை இரும்பு, சாயங்காலத்துக்குள்ள துரு புடிச்சிரும். ரிங்கை வெறும் சிலிண்டருக்குள்ள விட்டு வாய் இடைவெளியையும் பாருங்க. 25 மில்லி விட்டத்துக்கு 0.1ங்கறது பழைய கைக்கணக்கு; புல்லட்டுக்கு 0.3 பக்கம் வரும். கம்மியா இருந்தா, சூட்டுல ரெண்டு முனையும் முட்டிச் சிலிண்டரைக் கீறிரும்.

பிஸ்டன் பின் கழண்டு வராமப் புடிக்கற சின்ன வளையம், அதான் பிஸ்டன் லாக், அதை மாட்டும்போது கிராங்க் அறை வாயில துணியை அடைச்சுக்குங்க. எனக்குப் பத்தொம்பது வயசுல, அடைக்காம மாட்டுனேன். லாக் துள்ளி உள்ள விழுந்துச்சு. காந்தத்தைக் கயித்துல கட்டித் தேடுனேன், வண்டியைச் சாச்சுப் பாத்தேன், கெடைக்கலை. ஒரு மணி நேர வேலைக்கு இன்ஜினை அடிவரைக்கும் பிரிச்சு மூணு நாளாச்சு. பட்டறை மொதலாளி ஒரு வார்த்தை திட்டலை. டீ வாங்கிக் குடுத்தாரு. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

வால்வைத் தள்ளற அமைப்போட இடைவெளியைத்தான் டேப்பெட்ங்கறோம். அதை நல்லா ஆறின இன்ஜின்ல, ரெண்டு வால்வும் மூடி பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில நிக்கும்போது வைக்கணும். வால்வைத் தள்ளற கம்பியான புஷ் ராடு விரல்ல சுலபமா சுத்தணும், மேல கீழ ஆடக் கூடாது. வண்டி ஓடி, ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கற கேஸ்கெட் அமுங்கினதும் ராடு இறுகிப்போகும்; அப்படியே ஓட்டுனா வால்வு முழுசா மூடாம கருகிரும். அதனால 500 கிலோமீட்டர்ல திரும்ப வரச் சொல்லியிருக்கறேன். அது வரைக்கும் நின்ன எடத்துல மணிக்கணக்கா ஐடிலிங்ல விடாதே, முழுசாவும் முறுக்காதே, ஏத்தி எறக்கி ஓட்டுன்னேன். திம்பம் மலைக்குக் கூட்டாளிகளோட போகட்டுமான்னான். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. அடுத்த மாசம் போன்னேன்.

நேத்துப் பொழுதோட போன் பண்ணுனான். 380 ஓடியிருக்குதாம். "அண்ணா, டேப்பெட் சத்தம் வருதுங்க"ன்னு பதறுனான். போனை இன்ஜின் பக்கத்துல வெக்கச் சொல்லிக் கேட்டேன். டேப்பெட் இல்லீங்க அது. செயின் கவர்ல ஒரு போல்ட்டு மாட்டாம விட்டிருக்கான்.