பின்னணியை மங்கலாக்காதீர்கள்: டலிச் ஹேம்லெட் மைதானத்தில் ஒரு சனிக்கிழமை

வணக்கம் மக்களே. இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக் ஆட்டத்தைப் படமெடுக்க உள்ளே போவது எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். பத்திரிகை, ஏஜென்சி, உரிமம் என்று எதுவும் கையில் இல்லாமல் அங்கே பெரிய லென்ஸோடு போனால் வாசலோடு சரி. அதனால்தான் லண்டன் பிரிட்ஜிலிருந்து ரயிலேறி, கால் மணி நேரத்தில் ஈஸ்ட் டலிச்சில் இறங்கியிருக்கிறேன். இந்தா, இந்தப் பக்கம் நடந்தால் டலிச் ஹேம்லெட் கிளப்பின் சாம்பியன் ஹில் மைதானம் வந்துவிடும்.

பிரீமியர் லீக், அதற்குக் கீழே இன்னும் மூன்று அடுக்கு, அவ்வளவுதான் இங்கே ‘லீக்’. அதற்கும் கீழே இருப்பதெல்லாம் நான்-லீக். டலிச் ஹேம்லெட் அப்படி ஒரு நான்-லீக் கிளப், 1893இல் தொடங்கியது. இளஞ்சிவப்பும் கருநீலமும் கலந்த சட்டை, சும்மா சொல்லக்கூடாது, கேமராவுக்கென்றே தைத்த மாதிரி இருக்கும். 2023இல் ஏழாம் அடுக்குக்கு இறங்கினார்கள்.

அனுமதி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு வாரம் முன்னாலேயே கிளப்புக்கு மின்னஞ்சல் போடுங்கள், ஏற்கெனவே எடுத்த படம் நாலைந்தைச் சேர்த்து அனுப்புங்கள். கிளப்பின் சொந்தப் புகைப்படக்காரர் பெரும்பாலும் சம்பளமில்லாமல் வருகிறவர், அவருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். சின்னப் பிள்ளைகளை அருகில் எடுப்பதானால் பெற்றோரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

சரி, இனி நான் சொல்ல வந்த விஷயம். 70-200 லென்ஸ், எஃப் 2.8 (அதாவது லென்ஸின் வாயை அகலத் திறந்து), ஆட்டக்காரர் மட்டும் பளிச்சென்று, பின்னால் எல்லாம் வெண்ணெய் மாதிரி கரைந்து போவது, இதைத்தான் எல்லா யூடியூப் பாடத்திலும் சொல்லித் தருகிறார்கள். பெரிய மைதானத்தில் அது சரிதான், அங்கே பின்னால் இருப்பது விளம்பரத் திரை, அதைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது? ஆனால் இங்கே பின்னணியைக் கரைத்தீர்கள் என்றால் அது எந்த ஊர் எந்த மைதானம் என்றே தெரியாது. நான்-லீக்கில் பின்னணிதான் படம் என்பது என் கட்சி, சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

மைதானத்தை ஒட்டி ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது பாருங்கள். இதே இடத்தில் இருந்த பழைய மைதானத்தில்தான் 1933இல் அமெச்சூர் கோப்பை, அதாவது சம்பளம் வாங்காமல் ஆடுகிறவர்களின் கோப்பை, இறுதியாட்டம் நடந்தது. வந்தவர்கள் 20,744 பேர். 1948 ஒலிம்பிக்கில் தென் கொரியா மெக்சிகோவை 5-3 என்று வென்றதும் இங்கேதான். (அதே ஒலிம்பிக்கில் நம் இந்திய அணி, பாதிப் பேருக்கு மேல் பூட்ஸ் இல்லாமல், பிரான்சோடு ஆடியது இல்ஃபோர்டில், இன்றைக்கு நம்மவர்கள் அத்தனை பேர் குடியிருக்கிற அதே இல்ஃபோர்டில், 2-1 என்று தோற்றார்கள், நம் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன்.) பழைய மைதானத்தை இடித்து, நிலத்தில் ஒரு பகுதி கடைக்குப் போய், 1992இல் வந்ததுதான் இப்போதிருக்கும் அரங்கம், மூவாயிரம் பேருக்குத்தான் இடம். அதனால் சட்டகத்தின் ஓரத்தில் கடைக் கட்டடம் எட்டிப் பார்த்தால் வெட்டாதீர்கள், அதுவும் இந்த கிளப்பின் கதைதான்.

வரும் வழியின் பெயர் எட்கர் கெயில் வே. கெயில் 1929இல் இந்த கிளப்பில் அமெச்சூராக இருந்துகொண்டே இங்கிலாந்துக்கு மூன்று ஆட்டம் ஆடியவர், கிளப்புக்காக 400க்கு மேல் கோல். அந்தத் தெருப் பலகையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தொகுப்பின் முதல் படம் அதுவாக இருக்கட்டும்.

அமைப்பு எளிது. குளிர்காலத்தில் ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கும், டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆக பாதி ஆட்டம் முடிவதும் இருட்டுவதும் ஒன்றாகவே நடக்கும். எனவே பின்னணி வேண்டுமென்றால் முதல் பாதியிலேயே எடுத்தாக வேண்டும்: எஃப் 8 (லென்ஸின் வாயைச் சுருக்கினால் பின்னணியும் தெளியும்), ஷட்டர் 1/1000 நொடி, ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்வு, எவ்வளவு ஏறினாலும் ஏறட்டும். படத்தில் கொஞ்சம் மணல் மாதிரிப் புள்ளி தெரிந்தால் யாரும் சாகப்போவதில்லை. இரண்டாம் பாதியில் ஃப்ளட்லைட் போட்டபின் வேறு வழியில்லை, எஃப் 2.8, 1/500, ஐஎஸ்ஓ 6400, முகங்களைத் தேடிப் போங்கள். பழைய விளக்குகள் நொடிக்கு நூறு தடவை துடிக்கும், அதனால் தொடர்ந்து எடுத்த பத்துப் படமும் பத்து நிறத்தில் வரும், கேமராவில் அந்தத் துடிப்பைச் சமாளிக்கும் ஆன்டி-ஃப்ளிக்கர் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

எங்கே நிற்பது? இங்கே ரசிகர்கள் தங்கள் அணி தாக்கும் பக்கத்து கோலுக்குப் பின்னால் நிற்பார்கள், பாதி ஆட்டம் முடிந்ததும் கொடி, மேளம், கையில் பியர் கோப்பையோடு மொத்தக் கூட்டமும் மறுபக்கம் கிளம்பும். மேலிருந்து முதல் ஐந்து அடுக்குகளில் ஆடுகளம் தெரிகிற இடத்தில் மது குடிக்க 1985 சட்டப்படி தடை, இங்கே அது கிடையாது. அந்த இடமாற்றத்தை மட்டும் தவறவிடாதீர்கள், எனக்கு அது கோலைவிடப் பெரிது. முதல் பாதியில் நடுக்கோட்டுப் பக்கம் நின்று தாக்கும் கோலை நோக்கிக் குறி வையுங்கள், ஆட்டக்காரரும் அவருக்குப் பின்னால் கம்பியில் சாய்ந்த ஜனமும் ஒன்றாகக் கிடைப்பார்கள். இதோ இந்தப் படம்: எதிரணி கோல்கீப்பர் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்கிறார், முதுகுக்கும் கம்பிக்கும் இரண்டு கை தூரம்கூட இல்லை, ஒரு பாட்டி கழுத்துத் துண்டை விரித்துப் பிடித்து அவர் காதிலேயே ஏதோ சொல்கிறார், கீப்பர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறார். எஃப் 2.8இல் அந்தப் பாட்டி ஒரு இளஞ்சிவப்புப் புகையாகிப் போயிருப்பார்.

இந்தக் கூட்டம் சும்மா வந்து நிற்கிறவர்கள் இல்லை. 2018 மார்ச்சில் நில உரிமையாளரோடு தகராறாகி கிளப்பையே வெளியே நிறுத்திப் பூட்டினார்கள், சொந்தப் பெயரையே வேறொருவர் வணிகமுத்திரையாகப் பதிந்த கூத்தும் நடந்தது. பக்கத்து டூட்டிங் அண்ட் மிட்சம் கிளப்பின் மைதானத்தை இரவல் வாங்கி ஆடி, அதே பருவத்தில் ஒரு அடுக்கு மேலேயும் ஏறி, டிசம்பரில்தான் வீடு திரும்பினார்கள். அப்போது ஊர்வலம் போனவர்கள் இன்னும் அதே கம்பியோரம் நிற்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. படங்களை அன்று இரவே கிளப்புக்கு அனுப்புங்கள், ஞாயிறு மதியம் ஆகிவிட்டால் யாருக்கும் அது தேவையில்லை. இரண்டு பேட்டரி எடுத்துப் போய் ஒன்றை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் மடமடவென்று இறங்கும். எதிரணிக்கும் பத்துப் படம் அனுப்புங்கள், பல ஊர் கிளப்புகளுக்கு வெளியூர் ஆட்டத்துக்குக் கூட வர ஆளிருக்காது. அடுத்த மாதம் அவர்கள் மைதானத்தில் உங்களுக்குக் கதவு தானாகத் திறக்கும்.